முருங்கை, பீர்க்கை, வெண்டை

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிட்டதால் அல்ல. தன் பெயரோ இன்னொருவர் பெயரோ ஏதாவது ஒரு தாளில் ஏறுகிறது என்றாலே அவருக்கு முகம் மாறிவிடும். பயிற்சியின் முதல் நாள் எல்லோருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பெயர் அட்டை கொடுத்தார்கள். மற்றவர்கள் பெயர் தெரியும்படி போட்டிருக்க, அவர் மட்டும் திருப்பிப் போட்டிருந்தார். வெள்ளைப் பக்கம்தான் தெரிந்தது. ஃபேன் காற்றில் திரும்பியிருக்கும் என்று நினைத்து நானே கை நீட்டிச் சரிசெய்தேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி திருப்பிப் போட்டார். என் சந்தேகம் அந்த இடத்தில் ஆரம்பித்தது.

என் சந்தேகத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது எங்கள் குடும்பச் சொத்து. கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்கு காஸ் சிலிண்டர் வந்தால், எடை போட்டுப் பார்க்காமல் அப்பா கையெழுத்துப் போட மாட்டார். அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், சாமியார் இன்றைக்குப் பிரசங்கத்தில் யாரைக் குத்திக்காட்டினார் என்று ஆராயத் தொடங்குவார். நான் சமூகவியலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, சந்தேகப்படுவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

ஓசூரில் பன்னிரண்டு நாள் பயிற்சி. முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்கு உயர்நிலை ஆய்வுமுறை கற்றுத்தரும் ஏற்பாடு. இருபத்து நான்கு பேர் வந்திருந்தோம். பாதி நேரம் வகுப்பு, மீதி நேரம் களம். கம்பெனிகளைச் சுற்றி ஒற்றை அறைகளாக வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீடுகளுக்குப் போய், அங்கே தங்கி வேலைக்குப் போகிறவர்களிடம் பேசிப் படிவம் நிரப்ப வேண்டும். தங்குவதற்கு ஒரு கிறிஸ்தவ சபையின் விடுதியில் இரண்டு பேருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். என் அறைக்கு வந்து சேர்ந்தவர்தான் அவர். பர்கூர்ப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆறு வருஷம் ஓசூரில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்து, தபாலில் படித்து, முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆராய்ச்சிக்கு வந்தவர். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னைப் பாப்பா என்றார். இருபத்தாறு வயதில் அப்படி ஒருவர் கூப்பிடுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அவருக்கு இந்தப் பயிற்சி எவ்வளவு முக்கியம் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். அவருடைய பதிவைக் கெடு முடிந்தபிறகும் ஒருமுறை நீட்டித்திருந்தார்கள். இந்தச் சான்றிதழை ஒப்படைத்தால்தான் அது நிலைக்கும், இல்லையென்றால் ரத்து. பெட்டியைப் பிரித்துக்கொண்டே அவரே சொன்னார். தன் பெயரைச் சொல்லத் தயங்குகிறவர் இதை ஏன் இவ்வளவு எளிதாகச் சொல்கிறார் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அவர் செய்வதெல்லாம் எனக்கு விநோதமாகவே பட்டது. சாப்பாட்டுக் கூப்பனில் பெயர் எழுதிய ஓரத்தை மட்டும் கிழித்து வாயில் போட்டு மென்றுவிடுவார். உணவுக்கூடத்தில் எப்போதும் கதவைப் பார்த்த நாற்காலி. விடுதி வாட்ச்மேனிடம் தெலுங்கு, சமையல்காரம்மாவிடம் கன்னடம், என்னிடம் எங்கள் ஊர்த் தமிழ். இந்தப் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் நான் உள்ளே நுழைந்ததும் அவர் பேச்சை மாற்றுகிறாரோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஏதாவது கம்பெனியே இவரை எங்களுக்குள் அனுப்பி வைத்திருக்கலாம் என்று மூன்றாம் நாளே முடிவுக்கு வந்துவிட்டேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பேராசிரியர் ரகசியம் காப்பது பற்றி வகுப்பெடுத்தார். பேட்டி கொடுத்தவரின் பெயரைப் படிவத்தில் எழுதி, அதைத் தனி உறையில் வைத்துப் பூட்டிவிட்டால் போதும் என்றார். அக்கா கையைத் தூக்கி, பூட்டினால் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. சாவி தன்னிடம்தான் இருக்கும் என்றார் பேராசிரியர். அவர் நல்ல மனிதர், உண்மையாகவே சொன்னார். அக்கா தலையாட்டி உட்கார்ந்துகொண்டார், ஆனால் ஒத்துக்கொண்டது போலத் தெரியவில்லை.

அன்று மதியம் துணி உலர்த்தும்போது ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று விசாரித்தேன். கம்பெனியில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொன்னார். தொழிலாளர் நலன் பற்றி ஒரு படிவம் வந்ததாம். யாருக்கு என்ன குறை என்று எழுதிக் கொடுங்கள், வெளியே போகாது என்றார்களாம். இவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று லைனில் இருந்த பெண்கள் இவரிடமே எழுதச் சொன்னார்களாம். பதினொரு பேருடைய பெயரும் குறையும். அடுத்த காண்ட்ராக்ட் புதுப்பித்தபோது அந்தப் பதினொரு பேரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

"உங்களை?" என்று கேட்டேன்.

"என்னைக் கூப்ட்டாங்க. நான் எழுதிக் குடுத்தவதானே, என் குறைய எழுதலையே," என்றார். ஒரு பாவாடையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

கதை ரொம்ப வாகாக இருக்கிறது, பலமுறை சொல்லிப் பழகியது போல இருக்கிறது என்று நான் அன்றைய குறிப்பில் எழுதி வைத்தேன். அந்தக் குறிப்பேடு இப்போதும் என்னிடம் இருக்கிறது. படிக்கும்போது எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

இன்னொரு கேவலத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு காலை அவர் குளிக்கப் போனபோது தலையணைக்கு அடியிலிருந்த அவருடைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். கம்பெனிக்கு எழுதும் அறிக்கை ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் காய்கறிப் பெயர்கள். முருங்கைக்கு ஊர் கல்லாவி, இரண்டு பிள்ளைகள், அம்மா வீட்டில் வளர்கிறார்கள். பீர்க்கைக்கு முதுகுவலி, லீவு கேட்கப் பயம். வெண்டை புருஷனை விட்டு வந்தவள், ஊரில் யாருக்கும் இவள் இருக்குமிடம் தெரியாது. இப்படியே சுரைக்காய், புடலங்காய், கொத்தவரை வரைக்கும் போனது. எல்லாம் ஒரு குடும்ப நாவல் மாதிரி இருந்தது. இவர் அறையில் உட்கார்ந்து கற்பனை செய்து படிவத்தை நிரப்புகிறார் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. கம்பெனி ஆள் என்ற சந்தேகம் கைவிட்டுப் போய், பொய்த் தரவு என்ற சந்தேகம் வந்து உட்கார்ந்தது. சந்தேகத்துக்கு இடம் காலியாக இருக்கக் கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம்.

எங்கள் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. ஒருவர் எடுத்த பேட்டிகளில் சிலவற்றை இன்னொருவர் அதே வீட்டுக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும். பேக் செக் என்பார்கள். அதே கதவு எண், அதே கேள்விகளில் நான்கைந்து. பதில்கள் ஒத்துப்போனால் தரவு மெய். எனக்குச் சீட்டில் விழுந்தது அக்காவின் படிவங்கள். பெயர்க் கட்டங்கள் எல்லாம் காலி. கதவு எண் கட்டாயம் என்று பேராசிரியர் கறாராகச் சொன்னதால் அதை மட்டும் எழுதியிருந்தார். ஏழாம் நம்பர் ரூம், மூன்று பெண்கள். கல்லாவிக்காரி, முதுகுவலிக்காரி, புருஷனை விட்டு வந்தவள்.

அந்த லைன் வீடுகளின் உரிமையாளர்தான் பயிற்சிக்கு உள்ளூர் ஏற்பாடுகளைச் செய்து கொடுத்தவர். ஒரு கம்பெனியில் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. பெண் பிள்ளை தனியாகப் போக வேண்டாம் என்று அவரே தன் காரில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் தன் லைன் எவ்வளவு ஒழுங்கு என்று சொல்லிக்கொண்டு வந்தார். ரூமுக்கு மூன்று பேர்தான், ஒரு ஆள் கூடினாலும் அன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிடுவாராம். போர் தண்ணீர் பற்றாது, பேரும் கெட்டுவிடும் என்றார்.

நாங்கள் போனபோது மாலை நான்கு மணி இருக்கும். ஏழாம் நம்பர் வாசலில் மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி மத்தூர், மற்ற இருவரும் சூளகிரிப் பக்கம், தெலுங்கு பேசுகிறவர்கள். மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. கல்லாவியிலிருந்து யாராவது இங்கே இருக்கிறார்களா என்றேன். இல்லை என்றார்கள். உரிமையாளர் எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்று, தெலுங்கில் அவர்களிடம் குடிநீர் வருகிறதா என்று விசாரித்தார். வருகிறது என்று மூவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"எத்தனை பேர் இருக்கறீங்க?" என்று கேட்டேன்.

"மூணு பேருதாங்க."

"போன வாரம் ஒரு அக்கா வந்து உங்ககிட்ட பேசினாங்களா?"

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மத்தூர்ப் பெண்தான் பேசினாள். "யாரும் வரலீங்க. வந்தா எங்களுக்குத் தெரியாமயா போவும்?"

எனக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று இருந்தது. பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். அதை மறைக்க விரும்பவில்லை, அப்படித்தான் இருந்தது. களத்தில் கண்ணில் படுவதையெல்லாம் எழுத வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருந்ததால், கார் ஏறுமுன் கடமையாக எல்லாவற்றையும் எழுதினேன். பச்சைக் கதவு. மண்ணெண்ணெய் நாற்றம். ஜன்னல் கம்பியில் செருகிய டூத்பிரஷ்கள். கதவுக்குப் பின்னால் சுருட்டிய பாய்.

கடைசி நாள் எல்லோர் முன்னாலும் தரவுச் சரிபார்ப்பு முடிவுகளை வாசித்தார்கள். என் முறை வந்தபோது எழுந்து நின்று தெளிவாகவே வாசித்தேன். ஏழாம் எண்ணில் குறிப்பிட்ட மூவரும் அங்கே இல்லை, வயது ஒத்துப்போகவில்லை, ஊர் ஒத்துப்போகவில்லை, பேட்டி நடந்ததாகவே அங்கிருப்பவர்களுக்குத் தெரியவில்லை.  முன்வரிசையில் உரிமையாளர் உட்கார்ந்திருந்தார். உதவிக்கு நன்றியாக அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக இருந்தது.

பேராசிரியர் அக்காவை எழுப்பி, விளக்கம் சொல்லுங்கள் என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தவறான கதவு எண் எழுதிவிட்டீர்களா, அப்படியானால் திருத்திக்கொள்ளலாம் என்று அவரே ஒரு வழியும் காட்டினார். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். அவருடைய அட்டை அன்றும் திரும்பியே கிடந்தது.

"நம்பர் சரிதாங்க சார்."

"அப்படியானால் அந்தப் பெண்கள் எங்கே?"

"அதுக்கு நான் பதில் சொல்லலீங்க."

மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் அதையே சொன்னார். சான்றிதழ் இல்லை என்று அங்கேயே முடிவாயிற்று. அறைக்குத் திரும்பி நான் பெட்டியை அடுக்குவது போல நடித்துக்கொண்டிருந்தேன். அவர் நிஜமாகவே அடுக்கினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பேக் செக்குக்கு யாருகூடப் போன பாப்பா?"

"ஓனர்தான் கார்ல கூட்டிட்டுப் போனாரு."

"ம்," என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விட்டார்.

அந்த 'ம்' எனக்குப் புரிய ஒன்றரை வருஷம் ஆயிற்று. என் சொந்த ஆய்வுக்காக மறுபடி ஓசூரில் அலைந்துகொண்டிருந்தேன். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கம்பெனி யூனிஃபாரம் போட்ட ஒரு பெண். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று பேச்சுக் கொடுத்தேன். ஒரு ரூமில் ஆறு பேர் என்றாள். ஆறு பேர் எப்படிப் படுப்பீர்கள் என்றேன். நான் ஏதோ சின்னப் பிள்ளை போல அவள் சிரித்தாள்.

"ஆறு பேரும் எதுக்குங்க ஒண்ணாப் படுக்கணும்? மூணு பேரு காலைல ஷிப்டு போவாங்க, நாங்க மத்தியானம் போனா ஓ.டி.யும் பாத்துட்டு விடிகாலைலதான் வருவம். அவங்க வர்ற நேரம் நாங்க கிளம்பிடுவம். பாயி ஒண்ணுதான். ஓனருக்கு மட்டும் தெரியக் கூடாது."

அவள் இறங்கிப் போன பிறகும் நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். பச்சைக் கதவு, மண்ணெண்ணெய் நாற்றம், எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. 'ஜன்னல் கம்பியில் ஆறு டூத்பிரஷ்.' சிலிண்டரை எடை போடுகிற வீட்டில் பிறந்தவள், ஆறு என்று எண்ணி எழுதிவிட்டு, எதிரில் நின்ற மூன்று பேரோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. அக்கா போனது முற்பகலில், மதிய ஷிப்ட் பெண்கள் வீட்டிலிருந்த நேரம். நான் போனது மாலையில், காலை ஷிப்ட் பெண்கள் திரும்பி வந்த நேரம், அதுவும் யாருக்குத் தெரியக் கூடாதோ அவரையே கூட்டிக்கொண்டு. வேறு நம்பரைச் சொல்லியிருந்தால் அங்கேயும் உரிமையாளரோடு சரிபார்க்கப் போயிருப்பார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் அக்காவுக்குச் சான்றிதழ் கிடைத்திருக்கும். ஆறு பெண்களும் அன்று மாலையே தெருவுக்கு வந்திருப்பார்கள். அவர் ஆராய்ச்சியை விட்டுக்கொடுத்தார். நான் கைதட்டல் வாங்கினேன்.

வெட்கத்தில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பரிகாரம் என்று நினைத்து ஒரு காரியம் செய்தேன். பேராசிரியருக்கு மூன்று பக்கத்தில் மின்னஞ்சல் எழுதினேன். எதையும் மறைக்கவில்லை. ஏழாம் நம்பரில் ஆறு பேர், ஷிப்டுக்கு மூன்று பேர், என் தவறு, அக்காவின் நேர்மை, எல்லாவற்றையும் சான்றோடு எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. என் நேர்மையைப் பாராட்டி, தவறு திருத்தப்படுவதாகவும் சான்றிதழ் அனுப்புவதாகவும் எழுதியிருந்தார். அதைப் படித்து நான் அழுதேன்.

அக்கா இருக்குமிடத்தை விசாரித்து பர்கூர் போக இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. எஞ்சினீயரிங் காலேஜுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மாணவர்களின் புராஜெக்ட் டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். பதிவு ரத்தாகி வருஷம் ஓடிவிட்டது. இனி சான்றிதழ் வந்தாலும் பயனில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. டீ வரவழைத்தார். கெட்டுப்போன பிரதிகளைச் சிறு சிறு துண்டாகக் கிழித்து ஒரு சாக்கில் போட்டுக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். விடு பாப்பா, நீ உன் வேலையைத்தானே பார்த்தாய் என்பது போல ஏதோ சொன்னார். நான் பெருமையோடு ஃபோனை நீட்டி, பேராசிரியரின் பதிலைப் படியுங்கள் என்றேன்.

அவர் கடிதத்தைப் படிக்கவில்லை. விரலால் மேலே தள்ளி, அது யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்த்தார். நான் ஒருநாளும் பார்க்காத இடம். பேராசிரியர் தன் பதிலை, அடியில் என் மூன்று பக்கங்களோடு, கடைசி நாள் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். எல்லோர் முன்னாலும் நடந்த தவறு எல்லோருக்கும் தெரியும்படி திருத்தப்பட வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

"இது யாரு?" என்று ஒரு முகவரியின்மேல் விரலை வைத்தார்.

அந்த முகவரியை அப்போதுதான் பார்த்தேன். லைன் உரிமையாளர்.

"ரூம் நம்பர் போட்டியா?"

தலையாட்டினேன்.

அவர் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கிழித்துக்கொண்டிருந்த தாளை முழுக்கக் கிழித்து முடித்தார். "போயிப் பாத்துட்டு எனக்கு ஒரு ஃபோன் பண்ணு," என்று மட்டும் சொன்னார். தன் நம்பரைச் சொன்னார், எழுதிக் கொடுக்கவில்லை; என்னுடையதையும் கேட்டு மனதில் வைத்துக்கொண்டார்.

பர்கூரில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் மாறி, ஓசூர் போய்ச் சேர நான்கு மணி ஆகிவிட்டது. லைனுக்கு முன்னால் புதிதாக ஒரு இரும்பு கேட் போட்டிருந்தார்கள். பக்கத்தில் மேசை, அதன்மேல் நீளமான ரிஜிஸ்டர். பெயர், ஊர், கம்பெனி, ஷிப்ட், ஃபோன் நம்பர் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. காவலாளி என்னிடம் பேனாவை நீட்டி, உள்ளே போக வேண்டுமானால் எழுதுங்கள் என்றார். வேண்டாம், இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

ஏழாம் நம்பரின் ஜன்னல் கேட்டிலிருந்தே தெரிந்தது. கம்பியில் பிரஷ்கள் செருகியிருந்தன. இந்தத் தடவை ஒழுங்காக எண்ணினேன். மூன்று. முருங்கையும் பீர்க்கையும் வெண்டையும் எங்கே போனார்கள் என்று யாரிடம் கேட்பது? எனக்கு அவர்களுடைய பெயர்கூடத் தெரியாது.

வேறு நல்ல ரூம் கிடைத்துத் தாங்களாகவே போயிருக்கலாம் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். எதையும் நம்பாத குடும்பத்தில் பிறந்துவிட்டு இதை மட்டும் நம்புவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அக்காவின் நம்பரை என் ஃபோனில் பெயர் போடாமல் வைத்திருக்கிறேன். இதுவரை நான் அழைக்கவில்லை. அவரும் அழைத்து, என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.